கிரான் வீதியில் நின்ற கார்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்குப் பிரஷர் இறங்கியதா? அம்மாவின் இருமல் விட்டதா? நான் சுகம். போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

புதுக் காரின் கியர் பெட்டி போய்விட்டது. பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. கிரானில் கன்று போட முடியாமல் கிடந்த மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போனபோது, நடு வீதியில் நின்றுவிட்டது. எஞ்சின் உறுமியது, கார் அசையவில்லை. மாட்டுக்காரர் அருமைநாயகம் ஐயா உழவு இயந்திரத்தோடு வந்தார்.

"கார் எங்கயும் போகாது புள்ள. முதல்ல மாட்டைப் பாருங்க" என்று என்னை ஏற்றிக்கொண்டு போனார். கன்று உயிரோடு வந்தது. பிறகுதான் காரைக் கட்டி இழுத்தோம்.

மட்டக்களப்பில் கார் கம்பனிக்காரர், "வயலுக்குள்ள ஓடியிருக்கிறீங்க மிஸ், வாரண்டி கிடைக்காது" என்று காருக்குள் கிடந்த சேற்றைக் காட்டினார். அது என் பூட்ஸில் வந்த சேறு என்று சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துவிட்டது. கடைசியில் ஐயாவே என்னோடு மட்டக்களப்புக்கு வந்தார்.

"தார் ரோட்டில நிண்ட காரைத்தான் நான் இழுத்தன், தம்பி. முதல்ல கழட்டிப் பாருங்க" என்றார்.

கழற்றினார்கள். உள்ளே பற்கள் உடைந்திருந்தன. தொழிற்சாலையில் செய்தபோதே வந்த பிழையாம். புதுப் பெட்டி இலவசமாகப் போடுவார்கள். அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எப்போது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் கேட்டுக் களைத்துவிட்டது.

சனிக்கிழமைகளில் நானே ஓட்டிக்கொண்டு மன்னாருக்கு வருவேன் என்றது இப்போதைக்கு நடக்காது. மாத முடிவில் பஸ்ஸில் வருகிறேன். அம்மா இடித்த மிளகாய்த்தூள் ஒரு போத்தல் எடுத்து வையுங்கள்.

வாசலில் ஆள் வந்து கூப்பிடுகிறார், முடிக்கிறேன். பகல் பஸ்தான், வழியும் தெரியும். ஆனாலும் ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள் அப்பா.

உங்கள் மகள்
செறின்