உயிரோடிருக்கும் மகனுக்கு வந்த அனுதாபங்கள்

லாசால், மொன்றியல்
2025 சித்திரை 6, ஞாயிறு

அன்புள்ள பிரணவன்,

நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்பதை இன்று காலை எழுந்தவுடன், தேத்தண்ணிக்குக் கேத்திலை வைக்கும் முன்பே, உன் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். அங்கே இன்னும் விடிந்திருக்காது, நீ ஏன் விழித்திருந்தாய் என்பது வேறு கவலை. ஒரு வாரமாக நான் இப்படித்தான் எழும்புகிறேன். ஏன் என்று சொல்லவே இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ இடையில் புகுந்து கதைப்பாய், நானும் விட்டுவிடுவேன். தமிழ்க் கடிதம் என்றால் நீ எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும், கடைசி வரிக்கு வருவதற்குள் கோபம் ஆறிவிடும். மிளகாய்த்தூள் பொட்டலத்தோடு வைத்து அனுப்புகிறேன்.

வன்கூவருக்குப் போய் ஒரு வருடமானதைப் பற்றி நீ போட்ட வீடியோவைத்தான் சொல்கிறேன். அதன் முகப்புப் படத்தை நினைத்துப் பார். கறுப்பு வெள்ளையில் உன் முகம், சுற்றிவரச் செரிப் பூக்கள், கீழே உன் பெயர், அதற்கும் கீழே 2024 – 2025. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. நீ கேட்டபடி கோயில் குழு, ஊர்ச்சங்கக் குழு, பழைய மாணவர் குழு என்று நான் இருக்கும் முகநூல் குழுக்கள் எல்லாவற்றிலும், எங்கள் மகன் பிரணவன் என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். நம் ஆட்கள் அந்தக் குழுக்களில் எந்த மாதிரிப் படத்தைப் பூவுக்கு நடுவே இரண்டு ஆண்டுகளோடு பார்த்துப் பழகியவர்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. நீ அந்தக் குழுக்களில் இல்லை, உனக்குத் தோன்ற நியாயமும் இல்லை.

அடுத்த நாள் நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. திறந்தால் கீழ்மாடிச் சிவநேசம் அன்ரி. குளிர்கோட்டுக்குள் வெள்ளைச் சேலை, கையில் சோறும் பருப்பும் நிறைந்த சட்டி. செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்று சமைத்துக் கொண்டுவந்திருக்கிறா. ஐயோ பிள்ளை, என்ரை குஞ்சு எப்பிடியடி போச்சுது என்று என்னைக் கட்டிப்பிடித்தவ, மூக்கைச் சுளித்து, என்னடி மீன் பொரிக்கிறாய் என்றா. அந்தக் குரலில் துக்கத்தைவிட அதிர்ச்சிதான் கூட. அவன் நல்லாத்தானே இருக்கிறான் அக்கா என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியைத் திறந்தேன். உனக்கு மலர்வளையம் மலர்வளையமாக வந்து குவிந்திருந்தது. ஆழ்ந்த இரங்கல், ஓம் சாந்தி, கூப்பிய கைகள். டொலார்ட் பக்கம் கோயிலில் நிற்கும் இரவிச்சந்திரன் அண்ணை, அருமையான பிள்ளை, என்னோடு மிக அன்பாகப் பழகியவன் என்று எழுதியிருந்தார். அவர் உன்னைக் கடைசியாகக் கண்டது, நீ கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு முதல் சோறு தீத்திய அன்று. ரொறன்ரோவில் இருந்து யாரோ, கிரியை எப்போது, கார் நிறுத்த இடம் இருக்குமா என்று விசாரித்திருந்தார். ஒருவர்கூட வீடியோவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முதல் வசனத்திலேயே நீ சிரிக்கிறாயே.

அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. கலியாண வீட்டில் முகத்தைக் காட்டவேண்டும், செத்த வீட்டுக்குப் போகாவிட்டால் பிறகு கதை வரும். நமக்கு லைக் என்பதும் முகத்தைக் காட்டுவதுதான். நானும் எத்தனையோ பிள்ளைகளின் நடனத்துக்கு அப்படி இதயம் போட்டுவிட்டுக் குழம்பைக் கிண்டப் போயிருக்கிறேன். அப்பா வேலையிடத்திலிருந்தே பதறிப்போய், எங்கள் மகன் நலமாக இருக்கிறான் என்று எல்லாக் குழுவிலும் போட்டார். அதற்கு லைக் போட்டவர் சிவநேசம் அன்ரி ஒருவர்தான். நீ உயிரோடு இருப்பது அவ்வளவு பெரிய செய்தியாகப் படவில்லைப் போலிருக்கிறது. இன்று காலையும் புதிதாக இரண்டு பேர் உனக்குச் சாந்தி வேண்டியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் போன ஞாயிறு நீ தொலைபேசி எடுத்தாய். அம்மா, ஆக்கள் என்னைக் கண்டுபிடிச்சிட்டினம், அல்கோரிதம் தூக்கிவிட்டிட்டுது, வாற மாசம் முடிய வேலையை விடப்போறன் என்றாய். உன் குரலில் அப்படியொரு சந்தோசத்தை நான் கேட்டு எவ்வளவோ காலம். உண்மையைச் சொல்லாமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பிள்ளை, அந்த ஆயிரக்கணக்கான பார்வைகள், அவர்கள் இரங்கல் எழுதிக்கொண்டிருந்தபோது வீடியோ தன்பாட்டில் ஓடியதால் வந்தவை. ஒருவர் அழுதால் முகநூல் அதை மற்றவருக்குக் காட்டும், அவரும் அழுவார், இன்னும் பலருக்குக் காட்டும். இந்தத் தளங்கள் உனக்குக் கூட்டம் சேர்த்துத் தருமா என்று முன்பொருநாள் கேட்டாயே, தரும். எதற்கு வந்த கூட்டம் என்று மட்டும் சொல்லாது. இதை நம்பி நீ வேலையை விட்டால், அடுத்த வீடியோவுக்கு நான் மறுபடி உன்னைச் சாகக் கொடுக்க முடியாது.

ஆனால் ஒன்று. அன்று சிவநேசம் அன்ரி போகவில்லை. வெள்ளைச் சேலையோடு எங்கள் மேசையில் இருந்து, மீனையும் சாப்பிட்டுக்கொண்டு, உன் வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தா. நீ உடுப்புத் தோய்க்கும் லோண்ட்ரி அறையில் யாரோ மறந்துவிட்டுப்போன ஒற்றைக் காலுறைகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தா. முடிந்ததும், பெடியன் நல்லாத்தான் கதைக்கிறான், அடுத்தது எப்ப வரும் என்று கேட்டா. பேந்து கொஞ்சம் யோசித்துவிட்டு, ஏன் பிள்ளை அவன் எப்பவும் தனியச் சாப்பிடுறான் என்றா. உன் வீடியோக்கள் எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். தொப்பி போட்டிருக்கிறாயா, மெலிந்துவிட்டாயா என்றுதான் பார்த்திருக்கிறேன். தட்டுக்கு முன்னால் ஒருவரும் இல்லை என்பதை அவ சொல்லித்தான் கண்டேன். உனக்கு உண்மையான பார்வையாளர் ஒருவர் இருக்கிறார், மகன். அதற்காக மாதச் சம்பளத்தை விடச் சொல்லமாட்டேன், வீடியோவை விடச் சொல்லவும் மாட்டேன். ஆனியில் நீ இங்கே வரும்வரை வேலையை விடும் கடிதத்தைக் கொடுக்காதே. பிறகும் மனம் அப்படியே இருந்தால், அப்பாவோடு நான் கதைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, விடிய விடிய விழித்திருக்காதே, தூளை ஈரம் படாமல் வை. முருகன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். இதை இந்த முறை வழக்கத்தைவிட அழுத்தி எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று, அப்பாவுக்கும் சொல்லவில்லை, அன்ரிக்கும் சொல்லவில்லை. போன கோடையில் நீ இங்கே வந்து நின்றபோது சமையலறையில் கமராவை வைத்து, நீங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருசத்தைப் பற்றித் தமிழிலை கதையுங்கோ அம்மா என்று கேட்டாய். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மாட்டேன் என்றேன். அந்த நாலு பேரும் பார்ப்பதேயில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அப்பா டவுன்டவுனுக்கு இரவு வேலைக்குப் போனபின், அந்த வருடம் முழுக்க நானும் தனியாகத்தான் சாப்பிட்டேன். வரும்போது கமராவைக் கொண்டு வா, நான் கதைக்கிறேன். முகப்புப் படம் மட்டும் கலரில் இருக்கட்டும். பூ வேண்டாம்.

என்றும் உன் நலம் தேடும்,
அம்மா