சனிக்கிழமைக் கூலிக்குத் திங்கட்கிழமை ரேகை

இன்று காலை பாங்கில் என் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டார்கள், நண்பா. கை நடுக்கம். கவுன்டரில் இருந்த பெண், "பரவால்ல தாத்தா, ரேகை வெச்சிடுங்க" என்று மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினாள். பெருவிரலில் ஊதா மை ஏறியது. அந்த வாடை மூக்கில் பட்டதும் உன் முகம் வந்து நின்றுவிட்டது. நீ போய்விட்டாய் என்று ஐந்து மாதத்துக்கு முன் உன் மகன் கார்டு போட்டிருந்தான். அன்று நான் அழவில்லை. இன்று பாங்கில் நின்று அழுதேன். மை ஒட்டிக்கொண்டதற்காக அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் துடைக்கத் துணி கொடுத்தாள்.

செங்கற்பட்டில் ஒரே பெஞ்சில் படித்தோம். நான் அப்பாவின் அரிசி மில்லுக்கு முதலாளியானேன். நீ பரீட்சை எழுதி, பேக்டரி இன்ஸ்பெக்டராகி, நம் ஊருக்கே வந்தாய். ஐம்பதுகளில் தொழிலாளர் சட்டம் எல்லாமே புதுசு. வேலை நேரம், வார விடுமுறை, குறைந்தபட்சக் கூலி என்று படிவத்துக்கு மேல் படிவம் வரும். எங்களுக்குத் தலைவலி, உனக்கு வேதம். ஆனாலும் 'இன்ஸ்பெக்டர் நம்ம ஆள்' என்று நான் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

என் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் பாய்லர் சூடாக நேரமாகும். அதுவரை நெல் காயவைக்கும் பெண்கள் களத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சனிக்கிழமை மாலையோ அவர்களுக்குச் சந்தைக்குப் போகும் அவசரம். ஆகவே சனிக்கிழமை வாங்கப்போகும் கூலிக்குத் திங்கட்கிழமையே கூலிப் புத்தகத்தில் ரேகை வாங்கிவிடுவோம். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நினைப்பு.

நீ வந்தது ஒரு புதன்கிழமை. புத்தகத்தைப் புரட்டியவன் நிமிர்ந்து பார்த்தாய்.

"இன்னிக்கு இன்னா கிழமைடா?"

"புதன்."

"அப்போ வர்ற சனிக்கிழமை கூலிய இவங்க எப்போ வாங்கிக்கினாங்க?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "நான் யாரையாவது கூலி குடுக்காம அனுப்பிகீறேனாடா?" என்று கேட்டேன்.

"நீ குடுப்ப. நீ இல்லாத அன்னிக்கு இந்தப் புக்குதான் பேசும். வாங்கிட்டாங்கன்னு பேசும்" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தாய். நட்புக்காக விட்டுவிடு என்று கெஞ்சினேன். பேனா நிற்கவில்லை.

அதே வாரம் நடந்ததை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. கன்னியம்மா என்று ஒருத்தி இரண்டு நாள் வேலை செய்துவிட்டு, காய்ச்சலோடு சதுரங்கப்பட்டினத்தில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை அவள் அண்ணன் வந்து அந்த இரண்டு நாள் கூலியைக் கேட்டான். படகிலிருந்து இறங்கி நேரே பஸ் ஏறியிருப்பான் போல, வேட்டி ஓரம் ஈரம் காயவில்லை. என் குமாஸ்தா புத்தகத்தைத் திறந்து, "ரேகை வெச்சுகீதே, வாங்கிட்டா" என்றார்.

"அது படுத்துகினு கீதுங்க. எங்க வந்து வாங்குச்சு?" என்று அவன் மறுபடி மறுபடி கேட்டான். குமாஸ்தா விரலால் ரேகையையே தட்டிக்காட்டினார். நான் எழுந்து போய்க் கொடுத்தனுப்பினேன். நான் அன்று வெளியூர் போயிருந்தால் அவன் வெறுங்கையோடு திரும்பியிருப்பான். அடுத்த வாரத்திலிருந்து கூலியைக் கையில் வாங்கி எண்ணிப் பார்த்த பிறகுதான் களத்துப் பெண்கள் ரேகை வைத்தார்கள்.

நீ சொன்னது சரி என்று எனக்கு அன்றே தெரியும். ஆனாலும் நீ போட்ட கேஸுக்காகக் கோர்ட்டில் டவாலி என் பெயரை மூன்று முறை கூவியதை மன்னிக்க முடியவில்லை. ஊரே பார்த்தது. அபராதத்தைக் கட்டிவிட்டு உன்னைத் தாண்டிப் போனேன். அதற்குப் பிறகு தெருவில் பார்த்தாலும் பேச்சில்லை.

எட்டு மாதம் கழித்து உனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. ஆபீஸை ஒப்படைத்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாய். அதிகாரியாக இருந்தவரை என் வீட்டில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவன், வாசலிலிருந்தே, "தங்கச்சி, இன்னிலேர்ந்து நான் உங்க வூட்டுக்கு இன்ஸ்பெக்டர் இல்ல. சோறு போடு" என்று குரல் கொடுத்தாய். நான் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்தும் முன், 'வெளியே போயிருக்கார்' என்று சொல்லும்படி என் மனைவிக்கு ஜாடை காட்டினேன். பொய் சொல்லத் தெரியாதவள், சொன்னாள்.

நீ நிதானமாகச் சாப்பிட்டாய். ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினாய். நமக்கு நடுவில் ஒரு கதவுதான். பள்ளிக்கூடக் கதைகளையெல்லாம் அவளிடம் சொல்லிச் சிரித்தாய், கொஞ்சம் உரக்கவே. நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். நீக்கவில்லை.

புறப்படும்போது, "மழ வர்ற மாதிரி கீது தங்கச்சி" என்றாய். உன்னுடைய குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

நீ தெருமுனை திரும்பிய பிறகு வெளியே வந்தேன். வாசல் படியில் கழற்றிப் போட்டிருந்த என் செருப்புகள் நடைக்குள், நனையாத இடத்தில், ஜோடியாக இருந்தன. நீதான் எடுத்து வைத்தாயா என்று அவளிடம் கேட்டேன். "அவரேதாங்க எடுத்து வெச்சாரு, ரெண்டு கையாலயும்" என்றாள்.