மூங்கில் ஊற்றில் தண்ணீர் உண்டு

11 பிப்ரவரி 1983, வெள்ளி

தண்ணீர்த் தாளை முடித்துவிட்டேன். பினாங் தீவில் கொடிமலையிலிருந்து தெலுக் பஹாங் கடற்கரை வரை இரண்டு நாள் நடக்கிறவர்கள் வழியில் எங்கே தண்ணீர் பிடிக்கலாம் என்கிற விவரம். மொத்தம் ஏழு ஊற்றுகள். எந்தத் தேதியில் யார் பார்த்தது, தண்ணீர் உண்டா இல்லையா. மலைக்குப் போய் வந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் போன் செய்வார்கள். நான் டைப் அடித்து, மலையடிவாரத்தில் அப்துல் அஜீஸ் தேநீர்க் கடைக் கண்ணாடி அலமாரியில் ஒட்டுவேன். எட்டு வருஷமாக ஒரு வாரம் தவறியதில்லை. பீற்றிக்கொள்கிறேன்தான், என் டைரிதானே.

தைப்பூசத்துக்குப் பிறகு ஒரு துளி மழை இல்லை. நான்கு ஊற்றுகளுக்கு ‘இல்லை’ போட வேண்டியதாயிற்று. நல்லவேளை, பாதி வழியில் இருக்கும் மூங்கில் ஊற்று காப்பாற்றியது. அதை நேற்றுப் பார்த்துவிட்டு வந்த செட்டியார், மெய்யநாதன் அண்ணன், பினாங் ஸ்ட்ரீட்டிலிருந்து பேசினார். லைனில் ஒரே கரகரப்பு. சீனப் பெருநாள் லீவுக்குக் கூட்டம் வருமே என்று அவசர அவசரமாக ஒட்டிவிட்டு வந்தேன்.

13 பிப்ரவரி

காலையிலிருந்து பட்டாசு. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

15 பிப்ரவரி, செவ்வாய்



அப்துல் அஜீஸ் போன் செய்தார். “அக்கா, மலையில ஒரு ஆளு மயங்கி விழுந்துட்டாராம். நிபோங் திபால்காரரு, பேரு அர்ஜுனன். ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடக்குறாரு.”

மூன்று பேர் போயிருக்கிறார்கள். மூங்கில் ஊற்றில் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஆளுக்கு ஒரே ஒரு போத்தல். அங்கே போய்ப் பார்த்தால் காய்ந்து வெடித்த சேறு. அங்கிருந்து முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அரை நாள் நடை, இந்த வெயிலில்!

“தாள்ல போட்டிருந்துச்சேக்கா,” என்றார் அஜீஸ்.

போட்டிருந்தது. பார்த்தவர் என்ற இடத்தில் மெய்யநாதன் பெயர். அந்த மனுஷன் மலைக்குப் போகவே இல்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு பார்த்தேன் என்று புளுகியிருக்கிறார்.

16 பிப்ரவரி

அர்ஜுனன் இறந்துவிட்டார். நாற்பத்தொரு வயது.

17 பிப்ரவரி, வியாழன்

மெய்யநாதனைப் போனில் பிடித்தேன். உண்மையாகவே போனீர்களா என்று கேட்டேன்.

“போனேன்க்கா. பாத்தேன். பாத்ததத்தான் சொன்னேன்.”

என்ன துணிச்சல்! “ஒரு உயிர் போயிட்டுது, இன்னும் பொய்யோ?” என்று கத்தினேன். போனை அறைந்து வைத்தேன். நடைக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, இனி அவர் சொல்வது தாளில் ஏறாது என்றேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அஜீஸ் கடையில் அவரோடு ஒரே மேசையில் உட்கார யாரும் தயாராக இல்லையாம். நன்றாக வேண்டும்.

20 பிப்ரவரி, ஞாயிறு

அர்ஜுனன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்ல மெய்யநாதனுக்கு மறுபடி போன் செய்தேன். அவர் மனைவி முத்தம்மை எடுத்தார். அதே கரகரப்பு.

“அவுக வெளிய போயிருக்காக. பைப்புல தண்ணி வரல, தொட்டியும் வடிவாயிருக்கு, ஒத்தையா அல்லாடுறேன்.”

தண்ணீர் இல்லாமல் அல்லாடுகிறவருக்குத் தொட்டி எப்படி வடிவாயிருக்கும்? திருப்பிக் கேட்டேன்.

“வடிஞ்சிருக்குக்கா. வடிஞ்சு... ஒரு சொட்டு இல்ல.”

போனை வைத்துவிட்டேன். என்ன சொல்லி வைத்தேன் என்றுகூட நினைவில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்தார். எங்களுக்கு நன்றாக இருப்பதெல்லாம் வடிவு. வடிவாச் சாப்பிடு, வடிவாப் படி. அன்றைக்கு மெய்யநாதன் அண்ணன் “மூங்கில் ஊத்து வடிஞ்சிருக்கு” என்றார். வற்றிப்போனது என்றார். என் காதில் “வடிவாயிருக்கு” என்று விழுந்தது. ‘உண்டு’ என்று அடித்துவிட்டேன்.

ஏன் ரெண்டாந்தரம் கேக்கேல்லை? அந்தச் செட்டியார் வாயில எண்டைக்காவது ‘வடிவு’ எண்ட சொல்லு வந்திருக்கோ? ஒருக்காலும் இல்லை. யோசிச்சனியோ? இல்லையே! ஐயோ, நானோ? நானேதான்.

21 பிப்ரவரி

யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குமே தெரியப்போவதில்லை. இந்த வரியை எழுதினேனே, அதுவே அருவருப்பாக இருக்கிறது.

23 பிப்ரவரி, புதன்

லீவு போட்டேன். முதலில் மெய்யநாதன் அண்ணன் வீடு. எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

“ஒருவேள நான்தான் வாய் தவறித் தண்ணி இருக்குன்னு சொல்லிட்டேனோன்னு ஒரு வாரமா சோறு எறங்கலக்கா,” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு ஃபெரி, பஸ், நிபோங் திபால். அர்ஜுனனின் மனைவி விசாலம். முப்பத்தைந்து வயதுகூட இராது. உட்காரச் சொன்னாள். நான் நின்றபடியே சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. இரண்டு சொல்லையும் தனித்தனியாகச் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பாவத்தையும் செய்தேன்.

“ஒரு சொல்லுக்காக்கா?” என்றாள். “ஒரே ஒரு சொல்லுக்கா?”

அவள் முகத்தில் கோபம்கூட வரவில்லை, திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இப்ப போயிருங்கக்கா,” என்றாள். வந்துவிட்டேன்.

25 பிப்ரவரி, வெள்ளி

தாளின் தலைப்பில் அடித்தேன்: ‘மூங்கில் ஊற்றில் தண்ணீர் உண்டு என்று 11.2.83இல் வெளியிட்டது தவறு. தண்ணீர் இல்லை என்றே மெய்யநாதன் சொன்னார். தவறாகக் கேட்டு எழுதியவள் யோகலட்சுமி.’ நான் ஒட்டும்போதே நாலு பேர் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்கள். அஜீஸ் டீ கொடுத்தார்.

வேறு யாராவது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். டைப்ரைட்டரை எடுத்துப்போக ஒருவரும் வரவில்லை.

11 மார்ச்

ஒரு போனும் இல்லை. மூன்றாவது வாரம். ஏழு ஊற்றுக்கும் ‘தெரியவில்லை’.

28 மார்ச், திங்கள்

போன வாரம் நல்ல மழை. இன்று ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் மணி.

“அக்கா, நான் விசாலம். அவரு விழுந்த எடத்துல சூடம் ஏத்தணும்னு நேத்து மலைக்குப் போனேன். மெய்யநாதண்ணேதான் கூட்டிட்டுப் போனாரு.”

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

“மூங்கில் ஊத்துல தண்ணி ஓடுதுக்கா. கைய வச்சுப் பாத்தேன், அப்பிடி ஜில்லுனு. எழுதிக்குங்க.”

ஓடுதோ, ஓடுதோ என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் பொறுமையாக, ஓடுது என்றாள். இன்று திங்கள்தானே, தாள் வெள்ளிக்கிழமைதான் வரும் என்று என்னவோ உளறினேன்.

“அதுக்குள்ள யாராச்சும் போனா?” என்றாள்.

மூங்கில் ஊற்று. 27.3.83. தண்ணீர் உண்டு. பார்த்தவர்: விசாலம், நிபோங் திபால்.

அடித்து, அஜீஸ் கடை மூடுவதற்குள் கொண்டுபோய் ஒட்டிவிட்டு வந்தேன்.