நாலாவது கால்

என்னங்க,

நான்தான். கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள், பதில்தான் வராது. இருந்த காலத்திலும் என் முதல் கூப்பாட்டுக்கு என்றைக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள்? அதனால் நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. திருக்காட்டுப்பள்ளிப் பாலத்தில் நேற்றெல்லாம் கூட்டம், ஆளுக்கொரு செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நம் பக்கத்து வாய்க்காலில் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் மதகு திறந்து மூடிய மனிதர் நீங்கள் இருந்திருந்தால், எந்த மதகில் எத்தனை அடி ஓடுகிறது, நமக்கு எப்போது வரும் என்று தெருவுக்கே சொல்லியிருப்பீர்கள். இப்போது யாரைக் கேட்டாலும் 'வரும் வரும்' என்கிறார்கள்.

வியாழக்கிழமை உங்களுக்குத் தலைத்திவசம். நம் பையன் செந்தில் லீவு போட்டுவிட்டு முதல் நாளே வருகிறான். அவன் வருவதற்குள் உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சிரிக்கக் கூடாது. நான் தச்சுவேலைச் சாமான் வாங்கியிருக்கிறேன். ஒரு ரம்பம், ஒரு சின்ன இழைப்புளி, இரண்டு உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், டேப், இரண்டு கிளாம்ப், நாலைந்து உப்புத்தாள். எல்லாம் புதுசு.

வீட்டில் இல்லாத சாமானா என்று கேட்பீர்கள். இல்லைதான். உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். வேட்டி சட்டையைக் கொடுக்கிற நாளில் உங்கள் பெட்டியைத் திறந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்து நீட்டினேன். உளிகள் பக்கத்து வீட்டுக்கு. ரம்பம் என் தம்பிக்கு. உங்களோடு வேலை பார்த்த ராஜேந்திரனுக்கு அந்தப் பெரிய இழைப்புளி. "அண்ணி, இப்ப எதுக்கு இதெல்லாம்? இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவர் எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்தார்கள். எனக்கு அந்த இரும்பின் மேல் கோபம். கீழே விழுந்து கிடந்தபோதும் உங்கள் கை அந்த இழைப்புளியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

காரியத்தில் கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பார்கள். கேட்கவும் வாய் வராது. புத்தி வந்தபோது பெட்டி காலி.

நீங்கள் போன அன்றைக்குக் காலையில் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. செந்திலிடம்கூட. உங்களிடம் சொல்லத் தேவையில்லை, நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். ஆனாலும் சொல்கிறேன். அடுப்படியில் நின்று நின்று முட்டி விண்ணென்று தெறித்தது. உட்கார்ந்து சமைக்க உயரமாக ஒரு ஸ்டூல் செய்து தாருங்கள் என்று எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் ஊரார் கட்டிலுக்குச் சட்டம் மாட்டுவீர்கள், பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்குக் கால் போடுவீர்கள், கோயில் கதவுக்குத் தாழ்ப்பாள் வைப்பீர்கள். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. "ஊருக்கெல்லாம் உழைங்க. நான் செத்ததுக்கு அப்புறம்தான் அந்த ஸ்டூல் வரும்போல இருக்கு" என்று கத்தினேன். நீங்கள் "ஆகட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பின்வாசல் ஷெட்டுக்குப் போனீர்கள்.

ஆனி வெயில். மேலே ஆஸ்பெஸ்டாஸ். பதினோரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். "இன்னும் ஒரு கால்தான். பத்து நிமிஷம்" என்று குரல் வந்தது. பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டேன், பதில் இல்லை. வழக்கம்தானே என்று குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் திட்டியதால்தான் அந்த வெயிலில் போய் உட்கார்ந்தீர்கள். இந்த ஒரு வருஷமும் எனக்குள் ஓடியது இது ஒன்றுதான். துக்கம் கேட்க வந்தவர்கள் 'கொடுத்து வைத்த சாவு, ஒரு கஷ்டம் இல்லை' என்றபோதெல்லாம் உள்ளே சுருக்கென்றது. ஷெட்டைப் பூட்டிச் சாவியை அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டேன்.

சித்திரையில் செந்தில் வந்தபோதுதான் அதைத் திறந்தான். உள்ளேயிருந்து மூன்று கால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏம்மா, இதைப் போய் வெச்சுக்கிட்டு. விறகுல போட்டுடு. நான் ஆன்லைன்ல ஒண்ணு போட்டு விடுறேன்" என்றான். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். பூவரசு மரம், நல்ல கனம். உட்காரும் பலகையில் நாலு துளை, மூன்றில் கால் இருந்தது. நாலாவது கால் ஷெட்டிலேயே கிடந்தது. இரண்டு பக்கம் வழுவழுவென்று இழைத்திருந்தது. மூன்றாவது பக்கத்தில் பாதி வரைக்கும்தான்.

"திவசத்துக்கு வரும்போது இது நாலு காலோட நிக்கும். இல்லேன்னா நீயே விறகுல போடு" என்று அவனிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நான் அதுவரை பிடித்த ஆயுதம் அரிவாள்மணை.

தஞ்சாவூருக்குப் போனேன். நீங்கள் வழக்கமாகப் போகும் கடைக்குப் போகவில்லை. அங்கே போனால் துக்கம் கேட்பார்கள், நான் அழுவேன், சாமான் வாங்கிய மாதிரிதான். கீழவாசல் பக்கம் உங்களைத் தெரியாத கடை ஒன்றைப் பார்த்து ஏறினேன். கல்லாவில் ஒரு பாய் இருந்தார், அதிராம்பட்டினத்துக்காரராம். கேட்ட சாமானையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "யாருக்கும்மா? சார் வரலையா?" என்றார்.

என் நெற்றியில் சின்னப் பொட்டு இருந்தது. மருமகள் வற்புறுத்தி வைத்துக்கொள்ளச் சொன்னது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பார். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. "வந்திருக்காங்க. முட்டி வலி, படியேற முடியாது. டீக்கடையில உக்காந்திருக்காங்க" என்றேன். என் முட்டி வலியை உங்களுக்குக் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள். அந்தக் கடைக்குள் இருந்த அரைமணி நேரமும் நீங்கள் எதிர் டீக்கடையில் சர்க்கரை கம்மியாக ஒரு டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

பில் போடுகிற நேரத்தில் பாய் கையை நிறுத்தினார். "அம்மா, இன்னிக்கு சனிக்கிழமை. எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஆனா நீங்க சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டீங்களே. வீட்டுக்குப் போனப்புறம் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கக் கூடாது பாருங்க. எடுத்து வெச்சிடறேன், திங்கக்கிழமை வாங்க."

எனக்குக் கிழமையே நினைவில் இல்லை. காலையில் காலண்டரைக் கிழித்துக்கொண்டே நாள் கிழமையை உரக்கச் சொல்வது நீங்கள்தானே. இப்போது அதைக் கிழிப்பதே நான்கு நாளைக்கு ஒருமுறை. நான் படியிறங்கும்போது பாய் இன்னொன்றும் சொன்னார். "வரும்போது சாரையும் கூட்டிட்டு வாங்கம்மா. கைப்பிடி கைக்கு அடங்கணும். யாரு வேலை செய்யப் போறாங்களோ அவங்க பிடிச்சுப் பாத்துதான் எடுக்கணும். இல்லேன்னா ரெண்டே நாள்ல கொப்புளம்."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதே யோசனை. வேறு கடைக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அங்கேயும் யாருக்கு என்றுதான் கேட்பார்கள். அங்கேயும் உங்களை ஒரு டீக்கடையில் உட்கார வைக்க வேண்டும். எத்தனை டீதான் குடிப்பீர்கள்?

திங்கட்கிழமை போனேன். பாய் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "சார் எங்கம்மா?"

"அவங்க இல்லைங்க பாய். போன ஆனியில தவறிட்டாங்க. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். வேலை செய்யப் போறது நான்தான்" என்று சொல்லிவிட்டுக் கையை மேஜைமேல் நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். எடுத்து வைத்திருந்த உளியையும் இழைப்புளியையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுச் சின்னதாக வேறு எடுத்து வந்தார். உளியைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்து, "பிடிச்சுப் பாருங்க" என்றார். நாலு உளி பிடித்துப் பார்த்தேன். ஐந்தாவது அடங்கியது. பில்லில் என்ன பெயர் போடுவது என்று கேட்டபோது 'காந்திமதி' என்றேன். இதுவரை நம் வீட்டுக்கு வந்த எந்தச் சாமானுக்கும் என் பெயரில் பில் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து ஷெட்டுக்குள் போனேன். நீங்கள் விழுந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நீங்கள் பாதியில் விட்ட மூன்றாவது பக்கத்தில் இழைப்புளியை வைத்துத் தள்ளினேன். அது நகரவே இல்லை. அலகு அதிகம் நீட்டிக்கொண்டிருந்தது என்று புரியவே ஒரு முழு நாள் ஆயிற்று. பிறகு நகர்ந்தது, ஆனால் செதில் செதிலாகப் பெயர்த்தது. மர ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளியிருக்கிறேன். கட்டையைத் திருப்பி வைத்தால் போதும் என்று யார் சொல்வார்கள்? கழுந்து வெட்டியது தனிக் கதை. துளைக்குள் போக வேண்டிய அந்த முனையை அறுத்து அறுத்து, கடைசியில் மெலிந்துபோய் உள்ளே லொடலொடவென்று ஆடியது. மெல்லிசாக ஆப்பு ஒன்று சீவி அடித்தேன். கையில் கொப்புளம் வரவில்லை, பாய் சொன்னது சரி. இடது கட்டைவிரலில் மட்டும் ஒரு வெட்டு, பெரிசாக ஒன்றுமில்லை.

ஒன்பது நாள் ஆயிற்று. நீங்கள் பாதி இழைத்து வைத்திருந்த ஒரே ஒரு காலுக்கு.

ஒன்பதாம் நாள் அதைத் துளையில் பொருத்திவிட்டு, மற்ற மூன்று கால்களையும் தடவிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நாலு பக்கம் இழைப்பு, விளிம்பெல்லாம் உருட்டியிருந்தது, கழுந்துகள் ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்தன. பலகையில் நாலு துளை. அப்போதுதான் உறைத்தது. இதை ஒரு காலை நேரத்தில் யாரால் செய்ய முடியும்? எனக்கு மரவேலை பற்றி என்ன தெரியும்? காலையில் திட்டினேன், பதினோரு மணிக்குள் மூன்று கால் முடித்துவிட்டீர்கள் என்றே ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கொட்டாப்புளிச் சத்தம் கேட்டு அன்றைக்கு ராஜேந்திரன் வந்திருந்தார். "அண்ணி, அந்த இழைப்புளிய வேணா கொண்டாரட்டுமா?" என்றார். வேண்டாம், கொடுத்தது கொடுத்ததுதான் என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டேன், இந்த ஸ்டூலை எப்போது ஆரம்பித்தார் தெரியுமா என்று.

"பங்குனியிலயே ஆரம்பிச்சுட்டாரே. புயல்ல விழுந்துச்சே பூவரசு, அதை அறுக்க நானும்தான் கூட மில்லுக்குப் போனேன். வேலை முடியற வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னார். உங்க ஏச்சுக்கு ஒரே அடியா முற்றுப்புள்ளி வெக்கணுமாம்."

பங்குனி. நான் கத்தியதோ ஆனியில்.

முதலில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. 'ஆரம்பிச்சுட்டேன்டி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? 'ஆகட்டும்' என்றீர்களே, ஆகட்டும். அந்த ஒரு சொல்லோடு என்னை ஒரு வருஷம் விட்டுவிட்டுப் போனீர்களே. ராஜேந்திரன் போன பிறகு அந்த ஸ்டூலைக் கட்டிக்கொண்டு அழுதேன். நான் அனுப்பி நீங்கள் அங்கே போகவில்லை. நீங்கள் பாட்டுக்கு, உங்கள் ஆசைக்கு, எனக்காகச் செய்துகொண்டிருந்தீர்கள். அன்றைக்கும் அதைத்தான் செய்தீர்கள். இல்லையா? திட்டாமல் இருந்திருந்தாலும் அன்றைக்கு ஷெட்டுக்குப் போயிருப்பீர்கள்தானே?

ஸ்டூல் நிற்கிறது. என் கால் ஒரு நூல் குட்டை, லேசாக ஆடுகிறது. பழைய காலண்டர் அட்டையை மடித்து அடியில் கொடுத்திருக்கிறேன். உயரம் மட்டும் அடுப்புக்கு அச்சு அசலாகச் சரி. எப்போது அளந்தீர்கள் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமைச் சமையல் முழுக்க அதில் உட்கார்ந்துதான் செய்யப்போகிறேன். வாழைக்காய், பாகற்காய், உங்களுக்குப் பிடித்த உளுந்து வடை. புதுச் சாமான்களை யாருக்கும் தானம் கொடுக்க மாட்டேன், இது சத்தியம். இரவல் கேட்டால் கொடுப்பேன், ஆனால் மறுநாளே போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன், உங்களைப் போல விட்டுவிட மாட்டேன். ஷெட்டை இனிப் பூட்டமாட்டேன். அடுத்து அந்தக் குளியலறைக் கதவைச் சரிபண்ண வேண்டும், மழை வந்தால் உப்பிக்கொள்கிறது.

படையல் போட்டுவிட்டு அன்றைக்கும் பின்வாசலில் நின்றுதான் கூப்பிடுவேன். பத்து நிமிஷம் என்று சொல்லக் கூடாது. அந்தக் கால் முடிந்துவிட்டது. சாப்பிட வாங்க.

உங்களை ஏசுவதை இன்னும் நிறுத்தாத
உங்கள் மனைவி,
காந்திமதி