அக்காவுக்கு வைத்த ரிப்பன் மைக்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. என் ரெக்கார்டிங் ஸ்டூடியோ கதவின் ரப்பர் பட்டையை ஒட்டினேன், பிய்த்தேன், மறுபடி ஒட்டினேன். மத்தியானம் அக்கா வந்து பாடினாள். தொண்டையில் கட்டி எடுத்த பிறகு இப்போதுதான் ஒவ்வொரு பாட்டாகப் பதிவு செய்கிறோம். ஹெட்ஃபோனைக் கழற்றாமலே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியாடி, பழைய குரல் அப்படியே வந்துடுச்சு!"

வரவில்லை. வந்த மாதிரி கேட்கிறது. அது ரிப்பன் மைக்கின் வேலை. உள்ளே காந்தத்துக்கு நடுவில் தொங்கும் மெல்லிய அலுமினியப் பட்டை, உச்சத்துக் கரகரப்பையெல்லாம் வழித்துவிட்டுக் குரலைப் பஞ்சாகக் கொடுக்கும். சாதாரண மைக் வைத்தால் உள்ளதைப் போட்டு உடைத்துவிடும். நான் உடைக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்?

மார்ச் 5, புதன்

சொல்லிவிடுவோம் என்று அக்காவுக்குப் போன் போட்டேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தலையில் இடி. அக்கா மேடை நிகழ்ச்சிக்கு ஒத்துக்கொண்டுவிட்டாள்.

"நீதான் சவுண்டு. அந்த மைக்தான் வேணும்."

"அது மேடைக்கு ஆகாதுக்கா. முன்னாடி கேக்கிற மாதிரியே பின்னாடியும் கேக்கும். ட்ரம்ஸெல்லாம் உள்ள வந்துடும்."

"அதையெல்லாம் பாத்துக்கத்தானே நீ இருக்கே?"

அத்தான் வேறு பக்கத்தில் நின்று ஒத்து ஊதினார். மைக்குக்கும் டார்ச்சுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்.

இந்த முறை சறுக்கினால் அவள் மறுபடி மேடை ஏறமாட்டாள். அதுதான் பயம். இப்போதாவது உண்மையைச் சொல்லலாம் இல்லையா? சொன்னால் ஏறவே மாட்டாளே — எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 22, சனி

நிகழ்ச்சி இன்று. அரங்கத்து ஒலிக்காரரை எல்லோரும் ஹலோ அண்ணன் என்போம். மைக்கைக் கண்டாலே ஹலோ சொல்லி ஊதிப் பார்ப்பார். ரிப்பன் மைக்கில் ஊதினால் பட்டை போய்விடும்.

"ஊதாதீங்கண்ணே. தட்டவும் தட்டாதீங்க."

"மூச்சே விடலம்மா, போதுமா?"

கீபோர்டுக்காரரிடம் சொன்னேன், திரை இழுப்பவரிடம் சொன்னேன், அத்தானிடமும் சொன்னேன். மைக்குக்குப் பக்கவாட்டில் காது கேட்காது. அதனால் ஸ்பீக்கர்களை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். ட்ரம்ஸைத் தள்ளி ஒரு ஓரத்தில் போட்டேன். ஒத்திகை நன்றாகவே வந்தது.

மார்ச் 23, ஞாயிறு

ஊருக்கெல்லாம் சொன்னேனே, அவகிட்ட சொன்னேனா?

நேற்றுத் திரை விலகியது. அக்கா வந்தாள், சிரித்தாள், மைக்கைத் தட்டி ஒரு ஊது ஊதினாள். அத்தனை வருஷ மேடைப் பழக்கம். ஸ்டூடியோவில் ஒருநாளும் ஊதியதில்லை, ஒத்திகையிலும் இல்லை. கூட்டத்தைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. தொம்மென்று ஒரு சத்தம். அப்புறம் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மைக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் உண்மை வாயில் வந்துவிடுமோ என்று, மேடைக்கு ஆகாது என்றதற்கு மேல் அவளிடம் அந்தப் பேச்சையே தவிர்த்து வந்தேன். அதற்குத்தான் இது.

ஹலோ அண்ணன் ஓடிப்போய்ச் சாதாரண மைக்கை மாட்டினார். முதல் வரியிலேயே கரகரப்பு அரங்கம் முழுக்கக் கேட்டது. அக்கா நிறுத்தினாள். சவுண்டு மிக்சருக்குப் பின்னால் இருந்த என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு எல்லாப் பாட்டையும் பாடி முடித்தாள். கைதட்டினார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

காரில் அத்தான், "இன்னைக்கு ட்ராஃபிக் இல்ல" என்றார்.

மார்ச் 24, திங்கள்

ஸ்டூடியோவுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"இனிமே குரல் இப்படித்தான் இருக்கும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. உன் ரெக்கார்டிங்கைக் கேட்டுட்டு, அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்."

"நீ கஷ்டப்படுவேன்னுதான்க்கா…"

"என் கஷ்டத்தை நான் பட்டுக்கறேன்டி. அதை ஒளிச்சு வைக்க நீ யாரு?"

போய்விட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. அதனால்தான் இப்படி வலிக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

மைக் பட்டை மாற்றப் போயிருக்கிறது. அக்கா போன் எடுப்பதில்லை. அத்தானிடம் கேட்டேன்.

"கதவைச் சாத்திக்கிட்டுப் பாடறா."

"எப்படிப் பாடறா அத்தான்?"

"சத்தமா."

இவரிடம் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

அக்காவே கூப்பிட்டாள்! அடுத்த ஞாயிறு அதே அரங்கத்தில் பாடுகிறாளாம்.

"நான் காலையிலேயே வந்து எல்லாம் செட் பண்ணிடறேன்க்கா."

"வேண்டாம். ஹலோ அண்ணன் பாத்துப்பாரு. நீ மிக்சர் பக்கமே வரக்கூடாது. முன்னாடி வந்து உக்காரு."

கோபமா, தண்டனையா? வா என்று சொன்னாளே, அதுவே போதாதா? வீட்டுக்குள் அங்கேயும் இங்கேயும் நடக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முன் வரிசை. கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. முதல் பாட்டு முழுக்க, இங்கே குறைக்கணும், அங்கே ஏத்தணும் என்று முழங்காலில் விரல்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. அத்தான் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அக்கா சுருதியை நன்றாக இறக்கிவிட்டிருந்தாள். பழைய பாட்டுகளைத்தான் பாடினாள், சாதாரண மைக்கில், நிதானமாக, கரகரப்போடு. எட்டாத இடத்தில் எட்டிப் பார்க்கவே இல்லை. இரண்டாவது பாட்டு எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் கைதட்டியபோதுதான் தெரிந்தது, நான் எதையும் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுதும் இருக்கிறேன். அக்கா மேலேயிருந்து என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.