நாத்தனார் முடிச்சு

4 ஆகஸ்ட் 1957, ஞாயிறு

ஒரே நாளில் இரண்டு தேதி குறித்துவிட்டார்கள்.

காலையில் தமிழ்ச் சபையில் போதகர் சொன்னார்: செப்டம்பர் ஒன்று, எனக்கு ஞானஸ்நானம். அவர் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் சிரம்பானிலிருந்து வருகிறவர்.

வீட்டுக்கு வந்தால் அப்பா மடியில் பஞ்சாங்கம். செப்டம்பர் எட்டு, அண்ணனுக்குக் கலியாணம். பெண்ணுக்கு ஊர் பத்து பெரெண்டாம். பெயர் பாக்கியலட்சுமி.

அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "நகத்த ஒட்ட வெட்டிடாதே மதி. மஞ்சக் கயிறு வழுக்கும். மூணு முடிச்சில ரெண்டு உன்னுது."

முதல் முடிச்சு அண்ணன் போடுவான். மற்ற இரண்டையும் அவன் தங்கை போட வேண்டும். அவனுக்கு நான் ஒருத்திதான்.

சபைக்குப் போவது வீட்டில் தெரியும். பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும் என்று விட்டிருந்தேன். அது பொய்யா?

7 ஆகஸ்ட், புதன்

எழுதிவைக்க வேண்டும். பிறகு கேட்டால் வேறு காரணம் சொல்லிவிடுவேன்.

சிங்கப்பூரில் படித்தபோது கடவுள் இல்லை என்பது எளிதாக இருந்தது. எந்த வாதத்திலும் நான் தோற்கவில்லை. தோற்றது இங்கே, போன வருடம், நான் பாடம் நடத்தும் நான்காம் படிவத்தில். கைக்கடிகாரத்தைக் காணோம். பூங்காவனத்தை எழுப்பி நிறுத்தி, வகுப்பு முழுதும் பார்க்க, திருடி என்றேன். கடிகாரம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். தலை நிமிரவில்லை.

அந்தப் 'பரவால்ல' எனக்குப் போதவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? மாதக்கணக்கில் இந்த ஒரு கேள்விதான். பிறகு, தன்னைக் கொன்றவர்களுக்காகப் பேசின ஒருவரைப் பற்றிப் படித்தேன். படித்துவிட்டு மூடிவைக்க முடியவில்லை.

இவ்வளவுதான். வெளிச்சம் ஏதும் தெரியவில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா, ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், எந்தப் புண்ணையும் பார்த்து முகம் சுளிக்காதவர். என்னைப் பார்த்துச் சுளித்தார்.

"பக்கத்துல கம்போங் செட்டிச் சனங்களப் பாரு. தமிழ் போயிடுச்சு. வாயத் தொறந்தா மலாய். சாமிய விட்டாங்களா? எத்தனை தலைமுறை! நீ சிங்கப்பூர் போயி நாலு வருசம். விட்டுட்டு வந்து நிக்கிற."

"விடலப்பா. அங்க என் கையில ஒண்ணுமே இல்ல. இப்பத்தான் ஒண்ணப் புடிச்சிருக்கேன்."

"புடிச்சுக்க. யாரு வேணாங்கிறா? எட்டாந்தேதி தாண்டட்டும்."

14 ஆகஸ்ட், புதன்

யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. மூன்று இட்லி சாப்பிட்டேன். வேண்டுமென்றே.

18 ஆகஸ்ட், ஞாயிறு

அண்ணன் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் எனக்காக எடுத்த புடவையைக் கொண்டுவந்திருந்தான். அரக்கு, மெல்லிய கரை. என் ருசி அவனுக்குத் தெரியும்.

"ஒரு மாசம் மதி. அடுத்த தடவை அந்த ஐயா வரும்போது போயி முழுகிக்க. நானே சைக்கிள்ல கொண்டுபோயி விடுறேன்."

"முழுக மாட்டாங்க. தலையில தண்ணி."

"அதுக்குத்தானா இந்தப் பாடு!" சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவன், "உன் சாமி அவ்வளவு அவசரக்காரரா?" என்றான்.

அவசரம் அவருக்கில்லை. எனக்கு. ஆனால் பெண் வீட்டார், நான் இன்னும் அவர்களில் ஒருத்தி என்று நினைத்துப் பெண்ணை உட்காரவைக்க, நான் பின்னால் நின்று முடிச்சுப் போடுவதா? தண்ணீர் படாவிட்டாலும் நான் ஏற்கெனவே கிறிஸ்தவள் ஆகிவிட்டேனே. மறைத்துப் போடும் முடிச்சு என்ன முடிச்சு?

முடியாது என்றேன்.

புடவையை வைத்துவிட்டுப் போனான்.

இது விசுவாசமா? பிடிவாதமா? இரண்டுக்கும் முகம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

22 ஆகஸ்ட், வியாழன்

சபை உபதேசியார் நல்லையா பள்ளிக்கே வந்தார். நல்ல மனிதர். குடையை மடக்கிக்கொண்டு, குரலையும் மடக்கிக்கொண்டு பேசினார்.

"வீட்ல சங்கடமாமே. போதகர வேற நாள் வரச் சொல்லி, என் வீட்ல கமுக்கமா முடிச்சிடலாம். நீங்களும் உங்க அண்ணன் கலியாணத்துல நில்லுங்க. வெளிய தெரிய வேணாம்."

"வெளிய தெரியணுங்கிறதுக்குத்தானே இது?"

பேச்சை மாற்றினார். "பேரு என்ன வைக்கலாம்? கிரேஸ், அழகா இருக்கும்."

"சந்திரமதிக்கு என்ன குறை?"

"அது வந்து... பழைய பேரு..."

"உங்க பேரு நல்லையாதானேங்க?"

பாவம், சிரித்துவிட்டார். சந்திரமதி என்றே எழுதிக்கொண்டார்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

அப்பா பத்து பெரெண்டாம் போய்த் தாமே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பெண்ணின் மாமா தீர்ப்பு: நான் வரலாம், சாப்பிடலாம். மணவறை ஏறக்கூடாது. பெரியப்பா மகள் கோகிலா முடிச்சுப் போடுவாள்.

அப்பா மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. அவர் என்னோடு பேசுவதில்லை.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். தெருவெல்லாம் புதுக் கொடி. அப்பா நாற்காலி போட்டு ஏறி வாசலில் கட்டினார். "இனிமே நம்ம இஷ்டப்படி" என்று அண்ணனிடம் சொல்வது கேட்டது.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

தனியாகப் போனேன். தலையில் மூன்று கை தண்ணீர். காதுக்குள் கொஞ்சம் போய்விட்டது. பெரிதாக ஏதோ நடக்கும் என்று காத்திருந்தேன். ரவிக்கை நனைந்தது.

ஆனால் எழுந்தபோது ஒன்று தெரிந்தது: இனி யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நடந்தேன். வீடு வரைக்கும்.

8 செப்டம்பர், ஞாயிறு

அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பின்னால் போய் ஒளிய மாட்டேன்.

பக்கத்து நாற்காலியில் சாரதாம்பாள் அத்தை. "பேர மாத்திட்டியாமே? இப்ப மேரியா?"

"சந்திரமதிதான் அத்தை."

"மாட்டுக்கறி திங்கச் சொல்வாங்களாமே?"

"இதுவரைக்கும் டீயும் பிஸ்கட்டும்தான்."

கெட்டிமேளம். அண்ணன் முதல் முடிச்சு. கோகிலா குனிந்தாள். பயம் அவளுக்கு; கயிற்றை இரண்டு தடவை நழுவவிட்டாள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அழல. அழவே இல்ல. கை மட்டும் மடியில ஏதோ முடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. பாத்தா முந்தானை நுனி.

15 செப்டம்பர், ஞாயிறு

அண்ணனுக்காக ஜெபிக்க உட்கார்ந்தேன். 'அவனை ஆசீர்வதியும், ஆனால்' என்று வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

நான் சரி. அதில் சந்தேகமில்லை. ஆனால் சரியாக இருப்பதைக் கத்திபோல் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்திருக்கிறேன். அந்த மூன்று இட்லி. அந்த முதல் வரிசை.

பூங்காவனத்தை எழுப்பி நிறுத்தினபோதும் நான் சரி என்றுதான் நினைத்தேன்.

6 அக்டோபர், ஞாயிறு

இன்று 'ஆனால்' வரவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

மூன்றாம் மாதம். தாலி பிரித்துக் கோர்க்கும் நாள். கலியாணத்தன்று கட்டின கயிற்றை எடுத்துவிட்டு, புதுக் கயிற்றில் குண்டும் மணியும் சேர்த்துக் கோர்த்துப் போடுவார்கள்.

சபையிலிருந்து வந்து ஓசைப்படாமல் என் அறைக்குப் போகப் பார்த்தேன். கூடத்தில் பாக்கியலட்சுமி மணையில் உட்கார்ந்திருந்தாள். இந்த மூன்று மாதத்தில் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருப்பாள்.

"அத்தை, மதி கோக்கட்டும்."

அம்மா கோகிலாவைப் பார்த்தாள். கோகிலா தப்பித்தோம் என்பதுபோல் நகர்ந்துகொண்டாள்.

"உங்க மாமா என்ன சொல்வாரோம்மா" என்றாள் அம்மா.

"அன்னிக்கு மாமா சொன்னபடி உக்காந்தேன். இப்ப அவரு இங்க இல்ல. கழுத்து என்னுதுதானே?"

அண்ணன் வாசல் நிலையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "உக்காரு மதி" என்றான். ஆகஸ்டுக்குப் பிறகு இன்றுதான் என் பெயரைச் சொல்கிறான்.

நல்லையாவிடம் கேட்டால் தொடாதே என்பார். கேட்கவில்லை. என் ஆண்டவரை வெளியே நிறுத்திவிட்டா உட்கார்ந்தேன்? இல்லை. தாலித் தட்டை வாங்கிக்கொண்டேன்.

கயிற்று நுனி மணிக்குள் நுழையவில்லை. உதடு தானாக அசைந்திருக்கிறது.

"என்ன முணுமுணுக்கிற?" அப்பா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஜெபம்பா."

"நல்லதுதானே கேக்கிற?"

"ஆமா."

"அப்புறம் என்ன முணுமுணுப்பு? சத்தமாச் சொல்லு."

சொன்னேன். ஆண்டவரே, இது இவள் கழுத்துக்குப் பாரமாக வேண்டாம். இவர்கள் ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்க வேண்டி வராமல் பார்த்துக்கொள்ளும். ஆமென் சொல்ல அங்கே ஆள் இல்லை, நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

"சரி, கோத்துடு. நல்ல நேரம் போயிட்டிருக்கு."