இடது கெண்டைக்கால்

ஆகஸ்ட் 27, புதன்

சரியாக ஆறு வாரம் இருக்கிறது. அக்டோபர் எட்டு, மூன்றாவது முறை.

முதல் முறை 587. இரண்டாம் முறை 594. தேவை 600. ஆறு மதிப்பெண்ணில் தோற்பவளுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு அதிகப் பயம்.

பிசியோதெரபிஸ்டுக்கு உதவியாளராக வேலை செய்ய லைசென்ஸ் வாங்கும் பரீட்சை இது. நாற்பத்து நான்கு வயதில், என் மகள் ரோஷினியைவிட மூன்று நான்கு வயதே மூத்த பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு வருடம் படித்தாயிற்று. இப்போது ஆஸ்டினுக்குப் பக்கத்தில், ரவுண்ட் ராக்கில் ஒரு கிளினிக்கில் டவல் மடிக்கிறேன், கட்டில் துடைக்கிறேன். நோயாளியின் மேல் கை வைக்க லைசென்ஸ் வேண்டும்.

டெனிஸ்தான் எங்கள் கிளினிக்கின் பிசியோதெரபிஸ்ட். என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். இன்று மதியம் என் மாதிரித் தேர்வை வாங்கி, தப்பான விடைகளை மட்டும் வட்டம் போட்டுப் பார்த்தாள். "மீனா, நாலு விடையில் எதில் வேலை அதிகமோ அதையே நீ எடுக்கிறாய். 'நிறுத்து, பிசியோதெரபிஸ்டிடம் சொல்' என்று ஒரு விடை இருந்தால் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை" என்றாள்.

உண்மைதான். சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கு மதிப்பெண் கொடுப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பதினெட்டு வருடம் ஒரு வீட்டுக்கு மருமகளாக இருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

படிக்கிற ஒவ்வொரு வியாதியும் எங்கள் வீட்டில் யாருக்காவது வந்துவிடுகிறது. முதுகெலும்பு வளைவு படித்த வாரம் ரோஷினியைத் தினமும் காலையில் குனியச் சொல்லிப் பார்த்தேன். நான்காம் நாள் "அம்மா, திஸ் இஸ் க்ரீப்பி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். போன மாதம் இவர் புல் வெட்டிவிட்டு வந்து இடது கை கடுக்கிறது என்றார். நான் இதய அத்தியாயத்தில் இருந்தேன். விடுவேனா? எமர்ஜென்சிக்கு இழுத்துக்கொண்டு போய், ஐந்து மணி நேரம் காத்திருந்து, கடைசியில் வெறும் கேஸ், வாயுத் தொல்லை.

அன்றிலிருந்து இவர் தும்மினால்கூட, "மீனா, இது எந்தச் சாப்டர்?" என்கிறார். ரோஷினி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். ஆனால் உள்ளே ஒன்று உறுத்துகிறது – எது வியாதி, எது என் பயம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவளுக்கு லைசென்ஸ் எதற்கு?

செப்டம்பர் 6, சனி

இன்று படிக்கவில்லை. பயம்தான், வேறு பெயர் தேட வேண்டாம்.

செப்டம்பர் 13, சனி

அத்தை வந்துவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து மூன்று விமானம், இருபத்தெட்டு மணி நேரம். அறுபத்தெட்டு வயதில் தனியாக வந்திருக்கிறார். ஆஸ்டின் ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள், ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது தைல பாட்டில். "கெண்டைக்காலு வலிக்குது சாமி. ப்ளேன்ல காலை மடக்கி வெச்சு மடக்கி வெச்சே மரத்துப்போச்சு. கொஞ்சம் புடிச்சு உடு" என்றார்.

பிடித்துவிட்டேன். அத்தைக்குக் கால் பிடிப்பது எனக்குப் புதிதா? கோபியில் அவர் வீட்டுக்குப் புது மருமகளாக வந்த வாரமே ஆரம்பித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊர்க்கதை எல்லாம் சொல்வது அப்போது மட்டும்தான். எனக்கும் அது பிடிக்கும்.

செப்டம்பர் 15, திங்கள்

மூன்றாம் நாளும் பிடித்துவிட்டேன். இடது கால்தான் வலிக்கிறதாம். "உன்ற கையில என்னமோ இருக்குது சாமி. நீ படிச்சது வீண் போகலே" என்றார்.

இரண்டு வருடப் படிப்பை முதல் முதலாக ஒருவர் மெச்சுகிறார். அதனால் இன்று புத்தகத்தில் இருக்கிறபடியே செய்தேன். கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரை, ஆழமாக, நிதானமாக, இதயத்தை நோக்கி. பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆஸ்பத்திரியில், ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

காலை பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் மாதிரித் தேர்வு போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்தோராவது கேள்வி. அறுபத்தாறு வயதுப் பெண், நீண்ட விமானப் பயணம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலி, வீக்கம், சூடு. உதவியாளர் முதலில் செய்ய வேண்டியது என்ன? மசாஜ், ஐஸ், நீட்டிப் பயிற்சி – கடைசியில், 'சிகிச்சையை நிறுத்தி உடனே தெரிவி'. பத்து விநாடியில் கடைசி விடையைத் தொட்டேன். சரி! இந்த வகைக் கேள்வியில் முதல் முறையாகச் சரி. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம், அதனால் தொடவே கூடாது என்று விளக்கத்தை எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். டெனிஸிடம் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்போது ஹாலிலிருந்து அத்தை குரல். "சாமி, தைலத்தை எடுத்தாரட்டுமா?"

தையல் பெட்டியில் இருந்த டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் இறக்கி அளக்க வேண்டும். வலது கால் முப்பத்தாறு. இடது முப்பத்தொன்பதரை. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படு என்று புத்தகம். மூன்று முறை அளந்தேன். காலைத் தொட்டால் சூடு. இந்தச் சூட்டை மூன்று நாளாக நான் தைலத்தின் சூடு என்று நினைத்திருந்தேன்.

இவருக்கு ஆபீஸுக்குப் போன் போட்டேன். "ஏம் மீனா, போன மாசம் எனக்கு ஹார்ட் அட்டாக்குன்னே. அம்மாவுக்கு ஃப்ளைட் வீக்கம். காலைத் தூக்கி வெக்கச் சொல்லு, சாயந்திரம் வந்து பாக்கறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் நானும் நின்றேன். நானே என்னை நம்பவில்லை.

அத்தை காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "புடிச்சு உடு சாமி, வலி உசிரு போவுது."

"இல்லீங்க அத்தை. இனி காலைத் தொடமாட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. "மூணே நாள்ல சலிச்சுப்போச்சா?"

டெனிஸைப் போனில் கூப்பிட்டேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், "எமர்ஜென்சி. இப்போதே. என்னவென்று கண்டுபிடிப்பது உன் வேலை இல்லை, கூட்டிக்கொண்டு போவதுதான் உன் வேலை" என்றாள்.

ஃப்ரீவேயில் லாரிகள் நகரவில்லை. பக்கத்தில் அத்தை என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு தடவை இருமினார். ஸ்டியரிங்கில் என் விரல் வழுக்கியது. இதயத்தை நோக்கி, இதயத்தை நோக்கி என்று நேற்று தள்ளினேனே – எதைத் தள்ளினேன்? ஐயோ, எதைத்தான் தள்ளித் தொலைச்சேன்?

செப்டம்பர் 17, புதன்

காலில் பெரிய உறைவு. வலது நுரையீரலில் சின்னதாக ஒன்று. ஊசி போட்டிருக்கிறார்கள். ஆக்ஸிஜன் நன்றாக இருக்கிறது, நல்ல நேரத்தில் கூட்டி வந்தீர்கள் என்றார் டாக்டர்.

இதை நான் எழுதியே ஆக வேண்டும். நேற்று நர்ஸ் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு கேட்டாள். அடிபட்டதா? முன்பு வந்திருக்கிறதா? காலை யாராவது தேய்த்தார்களா, அமுக்கினார்களா?

"நோ" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. இவர் அப்போதுதான் ஆபீஸிலிருந்து ஓடி வந்து பக்கத்தில் நின்றிருந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி அம்மா இன்னிக்கு..." என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் அழுதார். என் கையில் இன்னும் தைல வாசம் இருந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து லிஃப்டுக்குப் போகும்போது பின்னாலேயே ஓடினேன். பொய் சொன்னேன், மூன்று நாள் மசாஜ் செய்தேன், நான் இதற்கே படிக்கிறவள் என்றேன். அவர் தள்ளிக்கொண்டு வந்த கம்ப்யூட்டரில் தட்டினார். அதனால் நுரையீரலுக்குப் போயிருக்கலாம், தானாகவும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது, எப்படியிருந்தாலும் மருந்து ஒன்றுதான் என்றார். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 20, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். மாத்திரை மூன்று மாதம். இடது காலுக்கு இறுக்கமான ஒரு காலுறை கொடுத்திருக்கிறார்கள். அத்தையால் குனிந்து போட முடியாது. தினமும் காலையில் அவர் ஸ்டூலில் காலை நீட்டுவார், நான் கீழே உட்கார்ந்து சுருக்கம் விழாமல் ஏற்றிவிட வேண்டும்.

கோபியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, "என்ற மருமகதான் கண்டுபுடிச்சா. டாக்டரு கணக்கா டேப்பு வெச்சு அளந்தா. கால் புடிக்க மாட்டேன்னு சொன்னதுக்கு நான்தான் கோவிச்சுட்டேன், பைத்தியக்காரி" என்று ஊருக்கே சொல்கிறார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பக்கத்துத் தெரு நாகலக்ஷ்மி ஆன்ட்டி சுண்டல் செய்து எடுத்துக்கொண்டு அத்தையைப் பார்க்க வந்தார். "யூ சேவ்ட் ஹெர் லைஃப் மா, பரீட்சை எல்லாம் உனக்கு ஜுஜுபி" என்றார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அவர் போனதும் இவரிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். வெகுநேரம் கார் சாவியையே திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மாகிட்டச் சொல்லாதே. பயந்துக்குவாங்க. பரீட்சை முடியட்டும், பாக்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன். எவ்வளவு சுலபமாக ஆட்டினேன்!

அத்தையின் பயத்துக்காகவா? என் பயத்துக்காகத்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

அத்தை இருமினால் எழுந்து ஓடுகிறேன். குளியலறையில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டுகிறேன். புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தால் தாண்டிப் போகிறேன். தாண்டிப் போய் எப்படிப் பாஸ் பண்ணுவேன்?

அக்டோபர் 7, செவ்வாய்

நாளை. இரண்டு அடையாள அட்டை எடுத்து வைத்தாயிற்று. அத்தை என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "உன்ற கை ராசியான கை" என்றார்.

அக்டோபர் 8, புதன்

என்ன கேள்வி வந்தது என்று யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாட்குறிப்பிலும் எழுதக்கூடாதுதான். ஓர் இடத்தில் மட்டும் என் கை மவுஸிலிருந்து தானாக எழுந்து மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கடிகாரம் ஓடியது. பிறகு விடையை அழுத்தினேன்.

பார்க்கிங்கில் உட்கார்ந்து நினைத்தேன். நிறுத்து, சொல் என்று நாள் முழுக்க அழுத்திவிட்டு வந்திருக்கிறேன். வீட்டில் நிறுத்தினேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை.

நாலு மணிக்கு வீடு. அத்தை டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். நானே ரிமோட்டை எடுத்து அணைத்தேன். சொன்னேன். கால் பிடித்தது தப்பு, கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனது அதனால்கூட இருக்கலாம், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னேன் – எல்லாம்.

அத்தை கேட்டது இரண்டே கேள்வி.

"புடிக்கக்கூடாதுன்னு நீ படிச்சிருக்கியா?"

"படிச்சிருக்கேன் அத்தை. அப்ப ஞாபகம் வரலீங்க."

"அப்பறம் என்னத்துக்குச் சாமி அந்தப் படிப்பு?"

எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் ஸ்டூலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அத்தை காலுறையைத் தானே போட்டுக்கொண்டு வெளியே வந்தார். முழங்காலுக்குக் கீழே கோணலாக, சுருக்கம் சுருக்கமாக. எவ்வளவு நேரம் கஷ்டப்பட்டாரோ. சுருக்கம் விழுந்த இடத்தில் அழுத்தும், கூடாது. சொன்னால் கேட்பாரா? ரோஷினியைக் கூப்பிட்டு, "பாட்டிக்கு அதை நேராக்கி விடு" என்றேன். "வொய் மீ?" என்று கேட்டவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

அத்தையோடு நாலு நாளாகப் பேச்சு இல்லை. இவர் என்னிடம், "சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேனில்ல" என்றார். ஆமாம், சொன்னீர்கள்.

அக்டோபர் 15, புதன்

638.

ரோஷினிதான் படித்துச் சொன்னாள். "அம்மா! யூ பாஸ்ட்! யூ ஆக்சுவலி பாஸ்ட்!" வீடு அதிரக் கத்தினாள். இவர் ஆபீஸிலிருந்து போன் போட்டார். டெனிஸ் போனில் ஏதேதோ பொம்மைப் படம் அனுப்பினாள். அத்தையின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. காதில் விழாமல் இருக்க வழியில்லை. வெளியே வரவில்லை.

அழ வேண்டும் போல இருந்தது, வரவில்லை. குக்கர் வைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

காலை ஏழரை. காபி கலந்துகொண்டிருந்தேன். பின்னால் ஸ்டூல் இழுக்கும் சத்தம்.

அத்தை உட்கார்ந்திருந்தார். கையில் காலுறை.

"பாஸ் பண்ணீட்டியாமா."

"ஆமாங்க அத்தை."

"அப்ப இனி கை வெக்கலாமில்ல."

இடது காலை நீட்டினார்.

கீழே உட்கார்ந்தேன். முதலில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை. டேப்பை எடுத்து வந்து அளந்தேன். வலது முப்பத்தாறு. இடது முப்பத்தாறரை.

"எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன்.